அப்பாவுக்கு 52, அண்ணாவுக்கு 44: அடுத்தது நானா?

வாசகர் கடிதம்:

டொக்டர், எனக்கு 38 வயது. வெள்ளவத்தையில் குடும்பத்தோடு இருக்கிறேன். கோட்டையில் ஒரு கம்பனியில் கணக்காளர். யுத்த காலத்தில் யாழ்ப்பாணத்தில் அப்பா 52 வயதில் மாரடைப்பால் இறந்துபோனார். நான் அப்போது பள்ளிக்கூடம் போகிற பிள்ளை. பெரியப்பா 49 வயதில் இருந்தாற்போல விழுந்து இறந்தவர். போன மாதம் அண்ணாவுக்கு நெஞ்சு நோ வந்து, ஆஞ்சியோகிராம் செய்து இரண்டு ஸ்டென்ட் வைத்தார்கள். அண்ணாவுக்கு 44 தான். அன்றிலிருந்து எனக்கு இரவில் நித்திரை இல்லை.

ஈ.சி.ஜி. எடுத்தேன், நோர்மல் என்றார்கள். மொத்தக் கொலஸ்ட்ரோல் 228, எல்.டி.எல். 152, எச்.டி.எல். 36, ட்ரைகிளிசரைட் 200, வெறும் வயிற்றுச் சுகர் 108. பிரஷர் 138/88. இடுப்புச் சுற்றளவு 96 சென்ரிமீற்றர். குடிப்பதில்லை. ஒரு நாளைக்கு இரண்டு மூன்று சிகரெட் மட்டும். நண்பர் ஒருவர் தினமும் அஸ்பிரின் போடச் சொல்கிறார். அம்மா வீட்டில் தேங்காய்ப்பாலை முற்றாக நிறுத்திவிட்டா. நானும் ஆஞ்சியோகிராம் செய்து பார்ப்பதா? அக்காவுக்கு 42. பொம்பிளைகளுக்கு இது வராது என்று எந்தச் செக்கப்புக்கும் வரமாட்டேன் என்கிறா. மகளுக்கு 9 வயது. அவளுக்கும் இது வருமா?

– பெயர் வேண்டாம், கொழும்பு 6

பதில்:

அன்புள்ள தம்பி,

அடுத்தது நீங்கள்தான் என்று எங்கேயும் எழுதப்படவில்லை. நித்திரை இல்லை என்று எழுதியிருப்பதால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆனால் உங்கள் வயதுக்காரர் மற்றவர்களைவிட உங்களுக்கு ஆபத்து கூட என்பது உண்மை. அதை மறைத்து ஆறுதல் சொல்ல எனக்கு மனமில்லை. பெற்றோர், கூடப்பிறந்தவர்களில் ஆண் ஒருவருக்கு 55 வயதுக்கு முன்போ, பெண் ஒருவருக்கு 65 வயதுக்கு முன்போ இதய நாடிகளில் அடைப்பு வந்திருந்தால் வைத்தியர்கள் நாங்கள் அதைத் தனியாகக் குறித்துக்கொள்வோம். அப்படி ஒருவர் இருந்தாலே ஆபத்து ஏறக்குறைய இரண்டு மடங்காகும். உங்களுக்கு இரண்டு பேர். 75 வயதில் ஒரு தாத்தாவுக்கு வந்த மாரடைப்புக்கு நான் இவ்வளவு பாரம் கொடுக்கமாட்டேன். 44 வயதில் அண்ணாவுக்கு வந்ததற்குக் கொடுப்பேன்.

இதில் எங்கள் ஆட்களுக்குப் பொதுவாகவே ஒரு முந்துதல் இருக்கிறது. 52 நாடுகளில் நடந்த 'இன்டர்ஹார்ட்' ஆய்வில் இலங்கையரும் இருந்தார்கள். தெற்காசியருக்கு முதல் மாரடைப்பு வந்த நடுவயது 53. மற்ற இடங்களில் 59 அளவில் இருந்தது. அதே ஆய்வு 2004இல் சொன்ன இன்னொரு விஷயத்தைத்தான் நான் கிளினிக்கில் திரும்பத் திரும்பச் சொல்லுவேன். புகைத்தல், கொலஸ்ட்ரோல் கோளாறு, பிரஷர், நீரிழிவு, வயிற்றுக் கொழுப்பு, மன அழுத்தம், பழம் மரக்கறி குறைவு, உடல் அசைவின்மை, மது ஆகிய ஒன்பது விஷயங்களே முதல் மாரடைப்பின் ஆபத்தில் 90 சதவீதத்துக்கு விளக்கம் தந்தன. குடும்பத்தில் ஓடுகிறது என்று நாம் சொல்வதில் பெரும் பங்கு இந்த ஒன்பதுக்குள்தான் ஓடுகிறது. ஒரே அடுப்பில் சமைத்த சாப்பாடு, அப்பாவைப் பார்த்து மகன் பழகிய புகை, வீட்டில் ஒருவரும் அளந்து பாராத பிரஷர், எல்லாம் அதில் அடங்கும்.

மரபணு பொய் என்று சொல்லவில்லை. 2016இல் அமெரிக்காவிலும் சுவீடனிலும் 55,000க்கு மேற்பட்டவர்களின் மரபணுக்களை வைத்துப் பார்த்தார்கள். பிறவியிலேயே ஆபத்து கூடியவர்களுக்குள், புகைக்காமை, பருமனின்மை, ஒழுங்கான உடற்பயிற்சி, நல்ல உணவு ஆகிய நான்கில் மூன்றையாவது கடைப்பிடித்தவர்களுக்கு, கடைப்பிடிக்காதவர்களைவிட இதய நோய் ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது. பிறப்பை மாற்றாமலே பாதி. உங்கள் பயத்துக்கு என்னிடம் இருக்கும் மருந்து இந்தக் கணக்குத்தான்.

இனிச் செய்ய வேண்டியவற்றுக்கு வருவோம். முதல் வேலைக்குப் பணம் தேவையில்லை. ஒரு பின்னேரம் அம்மாவோடு இருந்து அப்பாவைப் பற்றிக் கதையுங்கள். அந்தக் காலத்தில் பல இடங்களில் சோதித்துப் பார்க்க வசதி இல்லை. திடீரென்று ஒருவர் இறந்தால் மாரடைப்பு என்று எழுதிவிடுவார்கள். அப்பா சுருட்டுக் குடித்தாரா? பிரஷருக்கோ சலரோகத்துக்கோ குளிசை எடுத்தாரா? இறப்பதற்கு முந்திய நாட்களில் படியேறும்போது, சைக்கிள் உழக்கும்போது நெஞ்சைப் பிடித்தாரா? கண்ணிமையில் மஞ்சள் படிவு, குதிக்கால் தசைநாணில் தடிப்பு ஏதும் இருந்ததா? பெரியப்பா விழுந்தது எப்படி, வேலை செய்துகொண்டிருக்கும்போதா, அதற்கு முன் மயங்கி விழுந்தவரா, வலிப்பு என்று யாராவது சொன்னார்களா? எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். அம்மாவின் ஞாபகம் தெளிவாக இருக்கும்போதே இதைச் செய்ய வேண்டும். எங்கள் வீடுகளில் இந்தக் கதைகளைச் சாவீட்டோடு மூடிவிடுகிறோம். அதனால் அடுத்த தலைமுறை இழப்பது அதிகம்.

இவ்வளவும் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. ஏறக்குறைய 250 பேரில் ஒருவருக்குப் பிறவியிலேயே எல்.டி.எல். என்ற கெட்ட கொலஸ்ட்ரோலை ஈரல் சரியாக அகற்றாத ஒரு பரம்பரைக் கோளாறு உண்டு. அவர்களுக்கு எல்.டி.எல். பெரும்பாலும் 190க்கு மேல் நிற்கும். முப்பதுகளிலும் நாற்பதுகளிலும் மாரடைப்பு வரும். பிள்ளைகளில் ஒவ்வொருவருக்கும் அது கடத்தப்பட ஐம்பதுக்கு ஐம்பது வாய்ப்பு. உங்கள் 152 அந்த அளவு இல்லை. ஆனால் அண்ணாவின் ரிப்போர்ட்டைப் பாருங்கள், ஸ்டென்ட் வைத்து மருந்து தொடங்குவதற்கு முன் எடுத்த ரிப்போர்ட்டை. அதில் எல்.டி.எல். 190ஐத் தாண்டியிருந்தால் எனக்கு எழுதுங்கள். மகளுக்கு நான் சொல்லும் ஆலோசனை மாறும். பெரியப்பாவின் கதை வேறு. உடலை வருத்தும்போது மயக்கம், இளவயதில் திடீர் சாவு என்று வந்தால் இதயத் தசை தடிக்கும் ஒரு பரம்பரை நோயையும் நினைக்க வேண்டும். அதற்குக் கொலஸ்ட்ரோலோடு தொடர்பில்லை, ஈ.சி.ஜி.யும் எக்கோ என்ற இதய ஸ்கானும் பார்த்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும். அம்மாவின் பதிலில் அப்படி ஏதும் வந்தால் எக்கோ ஒன்று செய்துவிடுங்கள்.

இப்போது உங்கள் ரிப்போர்ட். நீங்கள் எல்.டி.எல்.ஐப் பார்த்துப் பயந்திருப்பீர்கள். எனக்கு முதலில் கண்ணில் பட்டது ட்ரைகிளிசரைட் 200, எச்.டி.எல். 36, சுகர் 108, இடுப்பு 96 என்ற நான்கும் ஒன்றாக நிற்பது. ட்ரைகிளிசரைட் என்ற இரத்தக் கொழுப்பு 150க்குக் கீழே, ஆண்களுக்கு எச்.டி.எல். என்ற நல்ல கொலஸ்ட்ரோல் 40க்கு மேலே இருக்க வேண்டும். எங்கள் ஆண்களுக்கு இடுப்பின் எல்லை 90 சென்ரிமீற்றர், பெண்களுக்கு 80. வெறும் வயிற்றில் 100 முதல் 125 வரையான சுகரை நீரிழிவுக்கு முந்திய நிலை என்கிறோம். இந்த நான்கும் சேர்ந்து வருவது தெற்காசியரிடம் அதிகம் காணும் கோலம். ஆள் பார்வைக்குப் பருமனாக இருக்கமாட்டார். வயிற்றுக்குள் கொழுப்பு இருக்கும். அது பெரும்பாலும் சோற்றாலும் மாவாலும் சீனியாலும் அசைவின்மையாலும் வருவது. எச்.பி.ஏ.1.சி. என்ற இரத்தப் பரிசோதனையை இதோடு செய்துகொள்ளுங்கள். மூன்று மாதச் சுகரின் சராசரி தெரியும். லைப்போபுரோட்டீன் 'ஏ' என்ற இன்னொரு பரிசோதனை இருக்கிறது. அதன் அளவு கிட்டத்தட்ட முழுவதும் பரம்பரையால் தீர்மானமாவதால் வாழ்நாளில் ஒருமுறை செய்தால் போதும். அது டெசிலீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால், மற்ற எண்களை இன்னும் கண்டிப்பாக இறக்க வேண்டும் என்று பொருள்.

எல்.டி.எல். 152 பற்றியும் ஒன்று. கணக்காளரான உங்களுக்கு இதை விளங்கப்படுத்துவது சுலபம். இது கூட்டு வட்டி. இன்றைய 152 நாளைக்கு உங்களை ஒன்றும் செய்யாது. இருபது வருடம் அதே அளவில் ஓடினால் நாடியின் சுவரில் சேர்வதுதான் ஆபத்து. அதனால்தான் 55 வயதில் பெரிதாக இறக்குவதைவிட 38 வயதில் கொஞ்சம் இறக்குவதற்குப் பெறுமதி கூட.

ஈ.சி.ஜி. நோர்மல் என்பதை வைத்து நிம்மதி அடைய முடியாது. அந்த நிமிடத்தில் இதயத்தின் மின்னோட்டம் எப்படி இருந்தது என்பதைத்தான் அது காட்டும். நாடியில் பாதி அளவு அடைப்பு இருந்தாலும் ஈ.சி.ஜி. நோர்மலாகவே இருக்கலாம். அதற்காக ஆஞ்சியோகிராமுக்கு ஓட வேண்டாம். நடக்கும்போதோ படியேறும்போதோ நெஞ்சு இறுக்கமோ மூச்சு வாங்குதலோ இல்லாத ஒருவருக்கு அது தேவையில்லை. நாடிக்குள் குழாய் விட்டு, சாயம் செலுத்திச் செய்யும் பரிசோதனை அது. சிறியதானாலும் ஆபத்து உண்டு. அறிகுறி இல்லாதவருக்கு முன்கூட்டியே ஸ்டென்ட் வைப்பது மாரடைப்பைத் தடுப்பதுமில்லை. சி.ரி. ஸ்கானில் கல்சியம் ஸ்கோர், அதாவது நாடிச் சுவரில் படிந்த கல்சியத்தின் அளவு, பார்க்கலாமே என்று யாராவது சொல்லுவார்கள். 40 தாண்டியபின், கொலஸ்ட்ரோல் குளிசை தொடங்குவதா விடுவதா என்று தடுமாறும்போது அது உதவும். உங்கள் வயதில் பூச்சியம் என்றுதான் பெரும்பாலும் வரும். அதைப் பார்த்து நீங்கள் சிகரெட்டை விடாமல் இருந்துவிடுவீர்களோ என்பதுதான் என் கவலை.

அஸ்பிரினைத் தொடங்க வேண்டாம். தொடங்கியிருந்தால் நிறுத்துங்கள். அண்ணாவுக்கு அது கட்டாயம். ஸ்டென்ட் வைத்தவர் வைத்தியர் சொல்லாமல் ஒரு நாளும் விடக்கூடாது. நோயே வராதவர்கள் தினமும் எடுப்பதால் கிடைக்கும் சிறு பலனை இரத்தக்கசிவின் ஆபத்து விழுங்கிவிடுகிறது என்று 2018இல் வந்த பெரிய ஆய்வுகள் காட்டின. கொழும்பில் இருப்பவருக்கு இன்னொரு காரணமும் உண்டு. டெங்கு. ஒவ்வொரு மழைக்கும் டெங்கு வரும் ஊரில், காய்ச்சலோடு உடம்பில் அஸ்பிரினும் இருந்தால் இரத்தப்போக்கு ஆபத்துக் கூடும்.

சிகரெட்டைப் பற்றி நீங்கள் எழுதிய 'மட்டும்' என்ற சொல்லை என்னால் ஏற்க முடியவில்லை, தம்பி. இரண்டு மூன்றுதானே என்று, இருபது பிடிப்பவரின் ஆபத்தில் பத்தில் ஒரு பங்காகக் கணக்கிடுகிறோம். இதயம் அப்படிக் கணக்கிடுவதில்லை. நாளொன்றுக்கு ஒரு சிகரெட் பிடிப்பவருக்கும், இருபது பிடிப்பவரின் கூடுதல் இதய ஆபத்தில் ஏறக்குறைய பாதி இருக்கிறது என்பது 2018இல் 141 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது தெரிந்தது. குறைப்பது இங்கே உதவாது, விட வேண்டும். விட்டு ஒரு வருடத்தில் அந்தக் கூடுதல் ஆபத்து பாதியாகிவிடும். நான் எழுதித்தரும் எந்தக் குளிசையும் இவ்வளவு விரைவாக இவ்வளவு செய்யாது. உங்கள் மூன்று சிகரெட்டும் எப்போது என்று எனக்குத் தெரியாது; பெரும்பாலானோருக்கு அது தேத்தண்ணியோடு கடை வாசலில், ஒன்று ஒன்றாக வாங்குவது. அப்படியானால் முதலில் மாற வேண்டியது அந்தக் கடையும் அந்தப் பத்து நிமிடமும். கூட வரும் நண்பர்களிடம் அண்ணாவுக்கு நடந்ததைச் சொல்லுங்கள், வற்புறுத்தமாட்டார்கள்.

அம்மாவிடம் சொல்லுங்கள், சொதியைத் திரும்ப வைக்கட்டும். தேங்காயில் கொலஸ்ட்ரோல் இல்லை என்று ஒரு பக்கம் வாதாடுவார்கள். இல்லைத்தான், ஆனால் அதன் கொழுப்பு எல்.டி.எல்.ஐக் கூட்டுகிறது, ஆகவே அம்மாவின் கவலை பிழையில்லை. மூன்று கறிக்கும் முதற்பால் விட்டுச் சமைப்பதை விட்டு, நாளுக்கு ஒரு கறி மட்டும் பாலில், அதுவும் இரண்டாம் பாலில் என்றால் எனக்குச் சம்மதம். பொரித்த எண்ணெயைச் சேர்த்து வைத்துத் திரும்பப் பொரிப்பதை நிறுத்தட்டும். தேங்காய்ப்பாலை ஒதுக்கிவிட்டுத் தட்டில் சோற்றை அப்படியே விட்டால் உங்கள் ட்ரைகிளிசரைட் இறங்காது.

ஒரு மத்தியானச் சோற்றுப் பார்சலைப் பிரித்துப் பாருங்கள். முக்கால்வாசி வெள்ளைச் சோறு, ஒரு கரண்டி பருப்பு, விரல் நுனி அளவு மரக்கறி, ஒரு துண்டுப் பொரித்த மீன், மேலே ஒரு அப்பளம். இரண்டு பேருக்கான சோறு அது. அதற்கு முன் பத்து மணிக்கு இரண்டு கரண்டி சீனி போட்ட தேத்தண்ணியும் பிஸ்கட்டும். நான்கு மணிக்கு ஒரு ரோல்ஸ் அல்லது பற்றீஸ், திரும்பத் தேத்தண்ணி. இரவு களைப்பில் ஒரு கொத்து. கோட்டையில் வேலை செய்கிற எத்தனையோ பேரின் நாள் இப்படித்தான். உங்கள் நாளும் இப்படியானால் வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போங்கள். சிவப்பரிசிச் சோறு ஒரு கோப்பை, அதே அளவுக்குக் கீரையும் மரக்கறியும், பருப்போ கடலையோ, ஒரு மீன். வல்லாரைச் சம்பல், பொன்னாங்காணி, முருங்கை இலை எல்லாம் வெள்ளவத்தைச் சந்தையில் கிடைக்கிறது. மீனுக்கு விலை கூடியதைத் தேட வேண்டாம். சாளையும் சூடையும் கும்பளாவும் இதயத்துக்கு நல்லவை, குழம்பாகச் சாப்பிட்டால். இரவில் குரக்கன் பிட்டோ, அளவான இடியப்பமோ. பார்சல்தான் வழி என்ற நாளில் பிரித்தவுடனே பாதிச் சோற்றை ஒதுக்கிவிடுங்கள். சாப்பிட்டுக்கொண்டே ஒதுக்க முடியாது. சோடாப் போத்தலில் சீனியின் அளவுக்கு ஒரு நிற வட்டம் இருக்கும். சிவப்பென்றால் வைத்துவிட்டு வாருங்கள்.

உப்பு, உங்கள் 138/88க்கு. ஒருவருக்கு ஒரு நாளைக்கு எல்லாமாக 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது மட்டமாக ஒரு தேக்கரண்டி போதும். கறியில் போடுவதை அம்மா குறைத்தாலும் கருவாடு, ஊறுகாய், மோர்மிளகாய், அப்பளம், சூப் கட்டி, சோயா சோஸ் வழியாக அது திரும்ப வந்துவிடும்.

அந்த 138/88 எங்கே, எப்படி அளந்தது? ஈ.சி.ஜி.க்குப் போய், பயந்தபடி, படியேறிய கையோடு என்றால் அதை வைத்து ஒன்றும் முடிவெடுக்க முடியாது. மேற்கையில் கட்டும் மெஷின் ஒன்றை வாங்குங்கள்; மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம். சலம் கழித்துவிட்டு, தேத்தண்ணியும் புகையும் இல்லாமல் அரை மணித்தியாலம் கழிந்தபின், முதுகைச் சாய்த்துக் கதிரையில் இருந்து, கால்களை நிலத்தில் ஊன்றி, கையை நெஞ்சின் மட்டத்தில் மேசையில் வைத்து ஐந்து நிமிடம் பேசாமல் இருங்கள். சட்டைக் கைக்கு மேலால் கட்டக்கூடாது. ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை அளந்து இரண்டையும் எழுதுங்கள். காலையும் மாலையும், ஏழு நாள். முதல் நாளை விட்டுவிட்டு மிச்சத்தின் சராசரியை எடுங்கள். அது 135/85ஐ எட்டினால் உங்களுக்குப் பிரஷர் இருக்கிறது. குறைவாக வந்தாலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை இதே ஏழு நாளைச் செய்யுங்கள்.

நடையைப் பற்றி. கிழமைக்கு 150 நிமிடம், பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அந்த வேகத்தில். நேரமில்லை என்று எழுதுவீர்கள் என்பதால் உங்கள் வழியிலேயே ஒன்று சொல்கிறேன். வேலை முடிந்து கோட்டை ஸ்ரேஷனுக்குப் போகாமல், காலிமுகத்திடலால் நடந்து கொள்ளுப்பிட்டிக்கு வந்து அங்கே வெள்ளவத்தை றெயில் எடுங்கள். அரை மணித்தியாலம் கடற்கரைக் காற்றில் நடக்கலாம், கோட்டையில் முண்டியடிக்கவும் தேவையில்லை. கிழமையில் ஐந்து நாளும் நடந்தால் 150 நிமிடம் ஆயிற்று. ஞாயிறு காலை மகளையும் கூட்டிக்கொண்டு மரைன் டிரைவ். காலி வீதியின் ஓரமாக மட்டும் நடக்காதீர்கள்; பஸ் புகையும் இதயத்துக்குக் கூடாது. அண்ணாவைப் பார்த்த பயத்தில் திடீரென்று ஜிம்மில் சேர்ந்து பாரம் தூக்குவதும் வேண்டாம், முதலில் ஒரு மாதம் நடவுங்கள். அமெரிக்காவில் 2002இல் வந்த ஓர் ஆய்வில், நீரிழிவுக்கு முந்திய நிலையில் இருந்தவர்களை உடல் எடையில் 7 சதவீதம் குறைக்கவும் கிழமைக்கு 150 நிமிடம் அசையவும் பழக்கினார்கள். நீரிழிவு வருவது 58 சதவீதம் குறைந்தது. 75 கிலோக்காரருக்கு 7 சதவீதம் என்பது ஐந்து கிலோ சொச்சம்தான்.

அரச வைத்தியசாலைகளில் இருக்கும் ஹெல்தி லைஃப்ஸ்டைல் சென்டருக்குப் போனால் பிரஷர், சுகர், எடை, இடுப்பு எல்லாவற்றையும் இலவசமாகப் பார்த்து, ஒரு நிற அட்டவணையில் உங்கள் ஆபத்தைக் குறிப்பார்கள். போங்கள். ஆனால் உலக சுகாதார நிறுவனத்தின் அந்த அட்டவணை 40 வயதிலிருந்துதான் தொடங்குகிறது. குடும்ப வரலாற்றுக்கு அதில் கட்டமே இல்லை. பச்சை என்று சொன்னால், அப்பாவினதும் அண்ணாவினதும் வயதை அங்கே வாய்திறந்து சொல்லுங்கள்.

மூன்று மாதம் இவ்வளவையும் செய்துவிட்டு இரத்தத்தைத் திரும்பப் பாருங்கள். சாப்பாட்டாலும் நடையாலும் ட்ரைகிளிசரைட் நன்றாக இறங்கும், எல்.டி.எல். 10, 15 சதவீதம் இறங்கினால் கெட்டித்தனம். அதற்குப் பிறகும் எல்.டி.எல். 130க்கு மேல் நின்றாலோ லைப்போபுரோட்டீன் 'ஏ' கூடியிருந்தாலோ கொலஸ்ட்ரோலை இறக்கும் ஸ்டாட்டின் குளிசை தொடங்குவதைப் பற்றி உங்கள் வைத்தியரோடு கதையுங்கள். என்னிடம் வந்தால் தொடங்கத்தான் சொல்லுவேன், 38 வயதானாலும், இரண்டு பேரின் கதை இருப்பதால். ஸ்டாட்டின் என்றால் ஈரல் பழுதாகும், வாழ்நாள் முழுக்க அடிமையாவோம் என்று ஆட்கள் பயப்படுகிறார்கள். சிலருக்குத் தசை நோ வரும், மருந்தையோ அளவையோ மாற்றலாம். சுகர் சிறிதளவு கூடலாம், அதைக் கவனிக்கலாம். எல்.டி.எல்.ஐ மூன்றிலொரு பங்குக்கு மேல் இறக்கும் மருந்து அது. நான் பார்க்கும் பெரிய பிழை வேறு. மூன்று மாதத்தில் ரிப்போர்ட் நோர்மல் என்று வந்தவுடன் குளிசையை நிறுத்திவிடுவார்கள். நோர்மல் ஆனது குளிசையால். நிறுத்தினால் சில கிழமைகளில் பழைய இடத்துக்கே போய்விடும். அண்ணாவுக்கும் இதைச் சொல்லுங்கள், அவருக்கு இது இன்னும் முக்கியம்.

அக்காவுக்கு நீங்கள் அல்ல, நான் சொல்கிறேன். பெண்களுக்கு மாரடைப்பு எட்டு, ஒன்பது வருடம் பிந்தி வருகிறது, வராமல் இருப்பதில்லை. மாதவிடாய் நின்ற பிறகு அந்த இடைவெளியும் குறைந்துகொண்டு போகும். பிள்ளைப்பேற்றின்போது பிரஷரோ சுகரோ கூடியிருந்ததா என்று கேளுங்கள். பிள்ளை பிறந்ததும் அது மாறியிருந்தாலும், பிற்காலத்தில் இதய நோய்க்கு அது ஒரு முன்குறி. அப்பாவும் அண்ணாவும் உங்களுக்கு மட்டும் சொந்தமில்லையே. அக்காவின் எண்களும் அளக்கப்பட வேண்டும். பெண்களுக்கு நெஞ்சு நோவைவிட மூச்சு வாங்குதல், தாடையிலோ முதுகிலோ நோ, சத்தி, காரணமில்லாத களைப்பு என்றும் வரும் என்பதால் அவர்கள் ஆஸ்பத்திரிக்குப் பிந்திப் போகிறார்கள்.

மகளுக்கு வருமா என்று கேட்டீர்கள். ஒன்பது வயதில் ஒருமுறை கொலஸ்ட்ரோல் பார்த்துவைப்பது நல்லது. அண்ணாவின் பழைய எல்.டி.எல். 190க்குக் கீழே என்றால் பெரும்பாலும் அதற்கு மேல் ஒன்றும் தேவைப்படாது. பிள்ளைக்கு இதய நோயைச் சொல்லிப் பயம் காட்ட வேண்டாம். வீட்டில் சிகரெட் மணம் இல்லாமல், பழமும் கீரையும் மேசையில் இருக்க, அப்பாவோடு நடந்து வளர்ந்தால் போதும்.

நித்திரைக்கு: கொஞ்ச நாளுக்குப் பயம் இருக்கும், அண்ணாவை அந்த நிலையில் பார்த்த எவருக்கும் இருக்கும். ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் வைத்தியரிடம் அதையும் தனியாகச் சொல்லுங்கள். பலத்த குறட்டை, இரவில் மூச்சு நின்று திடுக்கிட்டு எழும்புதல் இருக்கிறதா என்று மனைவியிடம் கேளுங்கள். அது பிரஷரைக் கூட்டும் வேறொரு நோய்.

கடைசியாக ஒன்று, வீட்டில் எல்லோருக்கும், முக்கியமாக அண்ணா வீட்டுக்கு. நெஞ்சின் நடுவில் இறுக்கமோ அழுத்தமோ பத்து நிமிடத்துக்கு மேல் நின்றால், கைக்கோ தாடைக்கோ ஓடினால், குளிர் வியர்வை வந்தால், காஸ்ட்ரிக் என்று சொல்லிச் சோடாவும் குளிசையும் குடித்து விடியட்டும் என்று இருக்கக் கூடாது. டொக்டரிடம் நேரம் குறித்துச் சனல் பண்ணவும் கூடாது. 1990க்கு அடியுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். நீங்களே வாகனம் ஓட்ட வேண்டாம். உங்கள் பக்கத்தில் களுபோவில ஆஸ்பத்திரி இருக்கிறது, பெரியாஸ்பத்திரியும் தூரமில்லை. அம்புலன்ஸில் வருபவர்கள் எங்கே கொண்டுபோவது என்று முடிவெடுக்கட்டும். அஸ்பிரின் ஒவ்வாமையோ இரத்தக்கசிவோ காய்ச்சலோ இல்லாவிட்டால் 300 மில்லிகிராம் அஸ்பிரினைச் சப்பி விழுங்கலாம். தினமும் வேண்டாம் என்று மேலே சொன்ன அதே மருந்து, அந்த நேரத்தில் உயிர் காக்கும். அம்மாவுக்கும் மகளுக்கும் அந்த நான்கு இலக்கத்தைச் சொல்லிக் கொடுத்துவையுங்கள்.

அண்ணாவின் பழைய ரிப்போர்ட், உங்கள் எச்.பி.ஏ.1.சி., ஏழு நாள் பிரஷர் கணக்கு மூன்றும் கையில் வந்தவுடன் திரும்ப எழுதுங்கள். அக்காவின் பிரஷரையும் சேர்த்து.